உள்ளழல் ஆற்றும் பொருள்கள்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

உணவின்றிச் சில வாரங்கள் உயிர் வாழலாம். நீரின்றிச் சில நாட்கள் வாழலாம். காற்றின்றிச் சில நிமிடங்களுக்கு மேல் வாழ இயலாது. வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுகிறார். அந்தக் காற்றில் எது கலந்து வந்தாலும் அதை முதலில் சந்திப்பவை நமது மூக்கும் தொண்டையுமே ஆகும்.

கும்மிடிப்பூண்டியில் வாழும் நமக்கு இதனை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நமது சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கும் உலைகளும், கம்பி உருட்டும் ஆலைகளும், இரசாயனத் தொழிற்சாலைகளும் உள்ளன. சென்னைக்குச் செல்லும் மின்சார இரயிலில் ஏறினால், மீஞ்சூரைத் தாண்டியதும் அத்திப்பட்டுப் பக்கத்து அனல் மின் நிலையங்களின் உயர்ந்த புகைபோக்கிகள் தெரிகின்றன. அடுத்து எண்ணூர் வருகிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிவது இந்தத் தொழில்களால்தான். நம் வகுப்பில் பலருடைய தந்தையரும் அண்ணன்மாரும் இங்கேதான் வேலை பார்க்கிறார்கள். ஆயினும் தொண்டைக் கரகரப்பும், வறட்டு இருமலும், கண் எரிச்சலும் இப்பகுதியில் வீட்டுக்கு வீடு உண்டு.

தொண்டை கரகரத்தால் பாட்டி அதிமதுரத்தை வாயில் அடக்கிக் கொள்ளச் சொல்கிறார். அம்மா தேன் கொடுக்கிறார். அப்பா கடையிலிருந்து இருமல் மிட்டாய் வாங்கி வருகிறார். இவை யாவும் உண்மையிலேயே சுகம் தருகின்றன. அது எப்படி? இவற்றால் எது இயலும், எது இயலாது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சளிச்சவ்வு என்னும் உள்தோல்

நமது உடலின் வெளிப்புறத்தைத் தோல் போர்த்தியிருக்கிறது. அவ்வாறே மூக்கு, வாய், தொண்டை, மூச்சுக்குழல், இரைப்பை, குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் உட்புறத்தை ஈரமான மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. இதுவே சளிச்சவ்வு. தோலைப் போல இது தடித்ததன்று, வறண்டதுமன்று. ஆகவே எளிதில் புண்படக் கூடியது.

இயற்கை இதற்கு ஒரு காவல் வைத்திருக்கிறது. இச்சவ்வில் கிண்ண வடிவமான சில செல்கள் உள்ளன. அவை வழவழப்பான ஒரு நீர்மத்தை ஓயாமல் சுரக்கின்றன. சளி என்று நாம் அருவருக்கும் பொருள் அதுதான். அதில் பெரும்பகுதி நீரே. எஞ்சியதில் மியூசின் என்னும் புரதம் முக்கியமானது. நீரைப் பிடித்து வைத்து அதனைக் கொழகொழப்பாக்குவது இந்த மியூசினே. மூச்சுக்குழலின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் நிற்கின்றன. அவை ஒரு நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, சளியையும் அதில் ஒட்டிய தூசியையும் மேல் நோக்கித் தள்ளுகின்றன. நாற்று வயலில் காற்றடிக்கும்போது பயிர்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுவதை நினைத்துக் கொண்டால் இதன் அசைவு விளங்கும்.

இரைப்பையிலும் இதே ஏற்பாடுதான். அங்கே சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இறைச்சியையும் கரைக்க வல்லது. அது இரைப்பையையே அரித்து விடாமல் காப்பது உட்சுவரில் படிந்துள்ள சளிப்படலமே. நாம் இழிவாக நினைக்கும் சளி இல்லாவிடில் ஒரு நாள்கூட நலமாக வாழ முடியாது என்பதில் ஐயமில்லை.

எரிச்சல் ஏன் உண்டாகிறது?

வேதியியல் வகுப்பில் அமிலம், காரம் பற்றிப் படித்தது இங்கே பயன்படுகிறது. கந்தக டை ஆக்சைடு நீரில் கரைந்தால் கந்தச அமிலம் உண்டாகிறது. அம்மோனியா நீரில் கரைந்தால் அம்மோனியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம் உண்டாகிறது. நமது சளிச்சவ்வோ எப்போதும் ஈரமானது. ஆகையால் இவ்வாயுக்கள் நுழைந்தவுடனே கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் கரைந்து எரிச்சலை உண்டாக்குகின்றன. நைட்ரஜன் டை ஆக்சைடு நீரில் அவ்வளவு விரைவாகக் கரைவதில்லை. அதனால் அது தொண்டையில் பெரிதாக எரியாமல் நுரையீரலின் ஆழம் வரை செல்கிறது. எனவே, தொண்டை எரியவில்லை என்பதால் காற்று தூய்மையானது என்று முடிவு செய்யலாகாது.

சவ்வு புண்படும்போது அதன் கீழுள்ள நரம்பு முனைகள் மூடுதலின்றி நிற்கின்றன. எச்சில் விழுங்கினாலும் வலிக்கிறது. குளிர்ந்த காற்றுப் பட்டாலும் இருமல் வருகிறது. இருமினால் சவ்வு மேலும் புண்படுகிறது. புண்பட்டதால் மீண்டும் இருமல். இச்சுழற்சியை எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும்.

உள்ளழலாற்றி

சித்த மருத்துவ நூல்களில் மருந்துகளின் செய்கைகளுக்கு அழகிய தமிழ்ப் பெயர்கள் உண்டு. கோழையை வெளியேற்றுவது கோழையகற்றி. மலத்தை இளக்குவது மலமிளக்கி. உள்ளே எழும் அழற்சியை ஆற்றுவது உள்ளழலாற்றி. ஆங்கில மருத்துவத்தில் இதனை டெமல்சென்ட் என்பர். அது தடவிக் கொடுத்தல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அழும் குழந்தையின் முதுகைத் தாய் தடவிக் கொடுப்பதைப் போல, எரியும் சவ்வை இப்பொருள்கள் தடவிக் கொடுக்கின்றன.

இவற்றுள் பெரும்பாலானவை ஒரே முறையில் வேலை செய்கின்றன. தாவரங்களின் பிசின், கொழகொழப்பு, மாவு ஆகியவற்றில் சர்க்கரை மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகக் கோக்கப்பட்டுள்ளன. இச்சங்கிலிகள் நீரை இழுத்துப் பிடித்துக் கொண்டு உப்புகின்றன. அவ்வாறு உப்பிய கூழ், புண்பட்ட சவ்வின் மீது மெல்லிய போர்வையாகப் படிகிறது. நரம்பு முனைகள் மூடப்படுகின்றன. வறட்சி நீங்குகிறது. வலியும் இருமலும் சிறிது நேரம் அடங்குகின்றன. அந்த ஓய்வு நேரத்தில் உடல் தன் காயத்தைத் தானே ஆற்றிக் கொள்கிறது.

தோழியரே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உள்ளழலாற்றி கிருமியைக் கொல்வதில்லை, நஞ்சை முறிப்பதில்லை, புகையைத் தடுப்பதில்லை. அது போர்த்துகிறது. அவ்வளவே. இந்த 'அவ்வளவே' என்னும் சொல்லை மறந்து விட்டால் என்ன நேரும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

நம் வீட்டுச் சரக்குகள்

அதிமதுரம்: நாட்டு மருந்துக் கடையில் குச்சியாகவும் பொடியாகவும் கிடைக்கும். இது ஒரு செடியின் வேர். இதிலுள்ள கிளைசிரைசின் என்னும் பொருள் சர்க்கரையைக் காட்டிலும் பன்மடங்கு இனிப்பானது. சிறு துண்டை வாயில் அடக்கினால் எச்சில் ஊறும், தொண்டை நனையும். ஆயினும் இதனை நாள்தோறும் மிகுதியாக உண்டு வந்தால் இரத்த அழுத்தம் ஏறும். உடலிலுள்ள பொட்டாசியம் குறையும். இரத்தக் கொதிப்பு உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது.

தேன்: உறங்கும் முன் ஒரு தேக்கரண்டித் தேன் கொடுத்தால் குழந்தைகளின் இரவு இருமல் குறைகிறது என்பது ஆய்வுகளிலும் காணப்பட்டுள்ளது. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவவும் கூடாது. தேனில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக் கூடும். பச்சிளங் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் இதனை நாம் பணிவோடு எடுத்துச் சொல்ல வேண்டும்.

வெண்டையும் துத்தியும்: வெண்டைக்காயை நறுக்கும்போது கையில் ஒட்டும் கொழகொழப்பே அதன் மருந்து. வேலியோரம் மஞ்சள் பூப் பூத்து நிற்கும் துத்தியின் இலையிலும் அது உண்டு. செம்பருத்தி இலையைக் கசக்கித் தலைக்குத் தேய்க்கும்போதும் அதையே காண்கிறோம். இம்மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஐரோப்பாவில் சதுப்பு நிலங்களில் வளரும் மார்ஷ்மாலோ என்னும் செடியும் இதே குடும்பம்தான். அதன் வேரை அந்நாட்டினர் தொண்டை வலிக்குக் கொடுத்து வந்தனர். இன்று அப்பெயரில் கடைகளில் விற்கும் மிட்டாயில் அந்த வேர் இல்லை. பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

வெந்தயமும் இசப்கோலும்: இரவில் ஊற வைத்த வெந்தயம் காலையில் வழவழப்பாகி விடுகிறது. இசப்கோல் என்பது குஜராத்தில் பெருமளவில் பயிராகும் ஒரு செடியின் விதை உமி. நீர் பட்டால் பல மடங்கு உப்பும். குடலுக்கு இதமளிக்கும், மலச்சிக்கலையும் நீக்கும். ஆனால் ஒரு பெரிய குவளை நீருடன்தான் உண்ண வேண்டும். நீர் போதாவிட்டால் தொண்டையிலோ உணவுக்குழலிலோ உப்பி அடைத்துக் கொள்ளும். வேறு மாத்திரைகள் உண்பவர்கள் இடைவெளி விட்டு உண்பது நல்லது. ஏனெனில் இந்தக் கூழ் மாத்திரையையும் போர்த்தி, அது இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும்.

சப்ஜா விதையும் பாதாம் பிசினும்: கோடையில் சர்பத்தில் மிதக்கும் இவற்றை நாம் குளிர்ச்சிக்காக விரும்பிக் குடிக்கிறோம். இவையும் நீரைப் பிடித்துக் கூழாகும் இனத்தைச் சேர்ந்தவையே.

கஞ்சி: மருந்துகளுள் மலிவானது கஞ்சியே. அரிசியோ கேழ்வரகோ ஜவ்வரிசியோ, மாவுப்பொருள் வெந்து குழையும்போது அதுவும் வழவழப்பாகி விடுகிறது. ஆடி மாதம் அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்கள். ரமலான் மாதத்தில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். பெரிய வெள்ளியன்று நமது பங்குகளிலும் கஞ்சி வழங்குகிறார்கள். வெறும் வயிற்றுக்கு முதலில் கஞ்சி என்பதை மூன்று சமயத்தாரும் அனுபவத்தால் அறிந்திருக்கின்றனர்!

கண்ணுக்கும் உள்ளழலாற்றி உண்டு. வறண்டு எரியும் கண்ணுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் செயற்கைக் கண்ணீர் அதுவே. தாவர நாரிலிருந்து செய்யப்படும் கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ் என்னும் பொருள் அதில் சேர்க்கப்படுகிறது. அதுவும் நீரைப் பிடித்து வைத்துக் கண்ணின் மீது படலமாகத் தங்குகிறது.

தொண்டை வேறு, மூச்சுக்குழல் வேறு

சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்களும் தூசி மிகுந்த ஆலைகளில் வேலை செய்பவர்களும் மாலையில் ஒரு துண்டு வெல்லமோ ஒரு வாழைப்பழமோ உண்பார்கள். உள்ளே போன தூசியை அது இழுத்துக் கொண்டு போய் விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. இது எவ்வளவு தூரம் பொருந்தும்?

நாம் விழுங்குவது எதுவாயினும் உணவுக்குழல் வழியாக இரைப்பைக்குச் செல்கிறது. மூச்சுக்குழலின் வாயிலைக் குரல்வளை மூடி அடைத்து விடுகிறது. தவறி ஒரு பருக்கை உள்ளே போனாலும் புரையேறி விடுகிறதல்லவா? ஆகவே தேனும் வெல்லமும் பழமும் தொண்டையின் மேற்பகுதியைத்தான் தொடுகின்றன. நுரையீரலுக்குள் சென்று படிந்த தூசியை அவை தொடுவதில்லை. வெல்லம் உண்டால் எச்சில் ஊறும். தொண்டைக் கரகரப்புத் தீரும். களைத்த உடலுக்குச் சக்தி கிடைக்கும். இவை நன்மைகளே. ஆனால் முகமூடிக்குப் பதிலாக வெல்லம் என்று எவரேனும் நினைத்தால் அது பெருந்தீங்கு. வாயால் உண்ணும் உள்ளழலாற்றிக்கு நுரையீரல் வரை வழியில்லை.

கழுவ வேண்டியதை மூடலாகாது

நமது மாவட்டத்தை ஒட்டிய எண்ணூரில் 2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவை நெருங்கும் வேளையில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியாவைக் கொண்டு வரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய மீனவ ஊர்களில் உறங்கிக் கொண்டிருந்த மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் எழுந்தனர். குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு இருட்டில் ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆலை வாயிலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து கூறியது. நமது நாட்டில் ஒரு நாள் சராசரியாக அனுமதிக்கப்பட்ட அளவு 400 மைக்ரோகிராம் ஆகும்.

இத்தகைய வேளையில் தேனோ பாலோ வெண்ணெயோ உதவுமா? உதவா. அம்மோனியா ஒரு காரத்தை உண்டாக்குகிறது என்று முன்னரே கண்டோம். கண்ணில் காரம் இருக்கும்போது அதன் மேல் எதையேனும் பூசினால், காரத்தை உள்ளே வைத்து மூடியது போலாகும். முதலில் செய்ய வேண்டியது காற்று வீசும் திசையைப் பார்த்து, வாயு வரும் பாதையிலிருந்து குறுக்காக விலகிச் செல்வது. ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக் கொள்ளலாம். அம்மோனியா நீரில் மிகுதியாகக் கரைவதால் ஈரத் துணி ஓரளவு அதைப் பிடித்துக் கொள்ளும். பாதுகாப்பான இடம் சேர்ந்ததும் கண்களைத் தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். பின்னர் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இவற்றை நம் பகுதியில் ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருத்தல் அவசியம். கழுவ வேண்டியதை மூடலாகாது என்பதே இதன் சாரம்.

ஞாயிற்றுக்கிழமை இல்லாத இருமல்

எங்கள் தெருவில் வசிக்கும் மாமா ஒருவர் ஓர் ஆலையில் வேலை பார்த்தார். இரும்புக் கம்பிகளின் துருவை நீக்குவதற்காக ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டியில் முக்கி எடுக்கும் பகுதியில் அவருக்கு வேலை. தொட்டியிலிருந்து எழும் ஆவி கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். அவருக்கு வறட்டு இருமல் தொடங்கியது. மாமி அதிமதுரக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சட்டைப் பையில் எப்போதும் இருமல் மிட்டாய் இருக்கும். எங்களைப் போன்ற பிள்ளைகள் கேட்டால் எங்களுக்கும் ஒன்று கொடுப்பார். இப்படியே நான்கு மாதங்கள் கழிந்தன. மிட்டாய் வாயில் இருக்கும் வரை இருமல் இல்லாததால், பெரிய நோய் ஒன்றும் இல்லை என்று எல்லோரும் எண்ணினர்.

ஒரு நாள் படியேறும்போது மூச்சு வாங்கவே மருத்துவரிடம் சென்றனர். மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, "ஞாயிற்றுக்கிழமைகளில் இருமல் எப்படி இருக்கிறது?" என்பதே.

மாமி சற்று யோசித்து விட்டு, "நீங்கள் கேட்ட பிறகுதான் தோன்றுகிறது டாக்டர். லீவு நாளில் குறைவுதான். போன மாதம் கல்யாணத்துக்காக ஆரணிக்குப் போய் எட்டு நாள் இருந்தோம். அங்கே அவர் இருமவே இல்லை" என்றாராம்.

அந்த விடையிலேயே நோயின் காரணம் வெளிப்பட்டது. வேலை நாட்களில் கூடி, விடுமுறையில் குறையும் இருமலுக்குக் காரணம் பெரும்பாலும் வேலை செய்யும் இடத்திலேயே இருக்கும். மூச்சுப் பரிசோதனைக்குப் பின்னர் மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தால் மாமாவுக்கு வேறு பகுதியில் வேலை மாற்றம் கிடைத்தது. இழுப்பு மருந்தும் கொடுத்தார்கள். இப்போது அவர் நலமாக இருக்கிறார். ஆனால் முன்பு போல மிதிவண்டியை வேகமாக மிதிக்க அவரால் இயலவில்லை.

அதிமதுரம் அவருக்குத் தீங்கு எதுவும் செய்யவில்லை. தன் வேலையை நன்றாகவே செய்தது. அந்த நன்மையே நான்கு மாதங்களுக்கு உண்மையை மறைக்கும் திரையாகி விட்டது.

புட்டியில் வரும் இனிப்பு

இனி, கடையில் வாங்கும் இருமல் மருந்துகளைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். இவற்றின் இனிப்புக்கும் வழவழப்புக்கும் பெரும்பாலும் சர்க்கரைப் பாகு, கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற நீர்மங்கள் காரணம். கிளிசரினை 1779ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு வேதியியலார் ஷீலே கண்டுபிடித்தார். சோப்புத் தயாரிப்பில் இது துணைப்பொருளாகக் கிடைக்கிறது. நிறமற்றது; இனிப்பானது; நீரை இழுத்து வைத்துக் கொள்வது. தூய கிளிசரின் ஒரு நல்ல உள்ளழலாற்றி.

டைஎதிலீன் கிளைக்கால் என்னும் வேறொரு பொருள் உண்டு. அதுவும் நிறமற்றது, அதுவும் இனிப்பானது, விலையோ மலிவு. தொழிற்சாலைகளுக்கு உரிய அப்பொருள் மனித உடலில் சென்றால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைக் கொல்லும். பார்வைக்கும் நாவுக்கும் வேறுபாடு தெரியாது. ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றே இவற்றைப் பிரித்துக் காட்டும்.

அச்சோதனை தவறிய இடங்களில் நேர்ந்தவை நெஞ்சை உருக்குவன. 1937இல் அமெரிக்காவில் இது கலந்த மருந்தால் 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1970களில் சென்னையில் குழந்தைகள் பலர் இறந்தனர். 1986இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்படக் கிளிசரினால் 14 நோயாளிகள் மாண்டனர். 2022இல் ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகளின் மரணத்தோடு இருமல் மருந்துகள் தொடர்புபடுத்தப்பட்டன. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் 'கோல்ட்ரிப்' என்னும் சளி மருந்தைக் குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அம்மருந்து தயாரானது நமக்கு அண்மையிலுள்ள காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48.6 விழுக்காடு டைஎதிலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடு மட்டுமே. அத்தொழிற்சாலையின் உரிமம் 2025 அக்டோபரில் ரத்துச் செய்யப்பட்டது.

அக்குழந்தைகளுக்கு வந்தது சாதாரணச் சளியும் காய்ச்சலுமே. பெரும்பாலான சளியும் இருமலும் மருந்தின்றித் தாமே ஆறும். இதனாலேயே இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் கொடுக்கலாகாது என்றும், ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்றும் மத்தியச் சுகாதாரச் சேவை இயக்ககம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் கடைக்காரரிடம், "அண்ணா, இருமலுக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கித் தம்பி தங்கையருக்கு ஊற்றும் வழக்கத்தை நாம் அறவே விட வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது நம் முன்னோர் சொல். உள்ளழலாற்றிகளுக்கு இது மிகவும் பொருந்தும். சில நாட்களுக்கு அவை நல்ல விருந்தாளிகள். அதற்கு மேலும் தேவைப்பட்டால் ஏன் என்று கேட்க வேண்டும்.

1. இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அது காசநோயாக இருக்கலாம். பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

2. சளியில் இரத்தம், மூச்சுத் திணறல், உடல் மெலிதல், மாலைக் காய்ச்சல் இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாது.

3. வேலைக்குச் செல்லும் நாட்களில் கூடி, விடுமுறையில் குறையும் இருமலைத் தேதியோடு எழுதி வைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

4. நெஞ்செரிச்சலுக்குப் பால் குடித்தால் உடனே இதமாக இருக்கும். சிறிது நேரத்தில் அதே பால் இரைப்பையில் மேலும் அமிலம் சுரக்கத் தூண்டும். ஆகவே அடிக்கடி வரும் நெஞ்செரிச்சலுக்குப் பாலை நம்பி இருக்கக் கூடாது.

5. தொண்டை கரகரக்கும்போது வெதுவெதுப்பான நீரை அடிக்கடி பருகுதல் எல்லா மருந்துக்கும் முந்தியது. நீர் இல்லாமல் எந்தப் பிசினும் கூழாவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் உள்ளழலாற்றிகள் இயற்கை தந்த நல்ல துணைகள் என்பது விளங்கும். இவற்றைப் பழைய பஞ்சாங்கம் என்று தள்ளுவதும் தவறு. எல்லா நோய்க்கும் மருந்து என்று கொண்டாடுவதும் தவறு. அவை தரும் இதம் உண்மையானது. அந்த இதத்தின் எல்லையும் உண்மையானது.

தோழியரே! எரிச்சல் என்பது உடல் நமக்கு எழுதும் கடிதம். தேனும் அதிமதுரமும் அக்கடிதத்தை மென்மையாக மடித்து வைக்கலாம். படித்த பிறகு மடிக்கட்டும். நம் வீட்டில் வேலையிலிருந்து திரும்புகிறவர் இருமினால் கஞ்சி வைத்துக் கொடுப்போம். கொடுத்து விட்டு அருகில் அமர்ந்து, "எத்தனை நாளாக இருமல்? முகமூடி கொடுக்கிறார்களா? ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கிறது?" என்றும் கேட்போம். நாளை நம்மில் சிலர் மருத்துவராகலாம், செவிலியராகலாம், இதே சிப்காட்டில் பொறியாளராகலாம். அன்று தொண்டைக்கு மருந்து தேடுவதோடு நில்லாமல், தொண்டையை எரிக்காத காற்றுக்கும் வழி தேடுவோமாக.